லினார்டின் மோழை ஆடுகள்

மட்லைனாவின் இடது கண்ணைக் கொண்டுபோனது ஒரு சாம்பல் நிற வெள்ளாடு. அதன்மேல் தப்பு சொல்ல முடியாது. அவள் பால் கறக்கக் குனிந்திருந்தாள். ஆட்டின் காதில் ஈ மொய்த்தது. அது தலையைச் சிலுப்பியது, கொம்பு நுனி கண்ணில் இறங்கிவிட்டது.

நான் அந்தப் பள்ளத்தாக்கின் கால்நடை மருத்துவன். மனிதர்களுக்கு வைத்தியம் பார்ப்பவர் கணவாய்க்கு அப்பால் இருந்தார், பாதையோ அந்த வாரம் மழையில் சரிந்து கிடந்தது. அதனால் முதல் கட்டுப் போட்டது நான்தான். மட்லைனா பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் புருஷன் லினார்ட்தான் சமையலறை வாசலில் நின்று, ஆட்டைக் கட்டாமல் விட்டது தன் குற்றம் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான்.

கண் ஆறுவதற்குள் அவன் கொம்புள்ள ஆடு ஒன்றுவிடாமல் விற்றுத் தீர்த்தான். மற்றவர்களைப் போலக் குட்டியின் கொம்பு முளையைச் சூட்டுக்கோலால் பொசுக்கிவிட்டால் போதாதா என்று கேட்டேன். பொசுக்கினாலும் கோணல்மாணலாகக் கட்டைக் கொம்பு முளைக்கிறது, எனக்குக் கொம்பு என்கிற நினைப்பே இல்லாத ரத்தம் வேண்டும் என்றான். தாழ்நாட்டுப் பக்கம் போய் வெள்ளை வெளேரென்று, பிறவியிலேயே கொம்பில்லாத மோழை ஆடுகளை வாங்கி வந்தான். கூடவே பரூன் என்று ஒரு மோழைக் கடா. எந்த ஆட்டோடு சேர்த்தாலும் அதற்குப் பிறக்கும் குட்டி கொம்பில்லாமல்தான் இருக்கும் என்று விற்றவன் சத்தியம் செய்திருந்தான். அவன் சொன்னது பொய்யில்லை.

எங்கள் மலையில் அதுவரை மோழை ஆட்டைப் பார்த்தவர்கள் குறைவு. கொம்புள்ள ஆடுகள் நாள் முழுக்க மோதிக்கொள்ளும். மரத்தில் உரசும், தட்டும், தொழுவத்திலிருந்து எப்போதும் ஒரு கடகடப்பு வந்துகொண்டே இருக்கும். லினார்டின் தொழுவத்தில் அது இல்லை. கதவைத் திறந்தால் மொட்டையடித்த தலைகள் வரிசையாகத் திரும்பும். இருட்டுக்குக் கண் பழகும்வரை யாரோ கொஞ்சம் பேர் மண்டியிட்டு உட்கார்ந்து நம்மையே பார்ப்பது போலிருக்கும். எனக்கு அந்தத் தொழுவத்துக்குப் போவதென்றால், காரணம் தெரியாமலே, வாசலில் கால் ஒரு நொடி தயங்கும்.

முதல் ஈற்றில் கடாக்குட்டிகள்தான் அதிகம். யாரும் பொருட்படுத்தவில்லை. சில வருஷம் அப்படி அமைவதுண்டு. அடுத்த வருஷமும் அதேதான். மூன்றாம் ஈற்றின்போது நான் பக்கத்திலேயே இருந்தேன். ஈரம் சொட்டச் சொட்டக் குட்டிகளை வைக்கோலில் இறக்குவான் லினார்ட், பின்காலைத் தூக்கிப் பார்ப்பான், அடுத்த ஆட்டிடம் போவான். கடா, கடா, மறுபடி கடா. பெட்டை என்று அவன் ஒதுக்கிய சிலவற்றை நான் வாங்கிப் பார்த்தேன். பெட்டைக்குரிய பிறப்புவாய் இருந்தது, ஆனால் அதன் கீழ்முனையில் பட்டாணி அளவில் ஒரு முடிச்சு. அந்த இடத்தில் அது இருக்கக் கூடாது. என் அனுபவத்தில் அப்படிப் பார்த்ததில்லை.

ஆனால் ஊரைப் பேச வைத்தது ஸ்டைலாதான்.

ஸ்டைலா பரூனுக்குப் பிறந்த முதல் ஈற்றுக் குட்டிகளில் ஒன்று. பெட்டை என்று சந்தோஷப்பட்டு, நட்சத்திரம் என்று எங்கள் மொழியில் பெயர் வைத்து, மட்லைனா புட்டிப்பால் கொடுத்து வளர்த்தாள். இரண்டாவது இலையுதிர்காலத்தில் அதன் கழுத்து தடித்தது. தாடி இறங்கியது. கடாக்களுக்கு மட்டும் வரும் அந்த வீச்சம் வந்தது, மற்ற ஆடுகள்மேல் ஏறப் பார்த்தது. குரல் மட்டும் குட்டியின் குரலாகவே நின்றுவிட்டது. அந்தத் தாடிக்கும் அந்தக் கழுத்துக்கும் பின்னாலிருந்து பச்சைக் குழந்தை சிணுங்குவது போல ஒரு மெல்லிய சத்தம். கேட்டவர்கள் தாமாகவே திரும்பிப் பார்த்து யார் அழுவது என்று தேடுவார்கள்.

மந்தை அதை முட்டவும் இல்லை, சேர்க்கவும் இல்லை. தொழுவத்துக்குள் அது எங்கே நின்றாலும் சுற்றிலும் தரை காலியாக இருக்கும். நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் ஆடுகள் அந்த வட்டத்துக்குள் மட்டும் குளம்பு வைக்காது.

அடுத்து வந்த வசந்தத்தில்தான் மட்லைனா கர்ப்பமானாள். கல்யாணமாகி வெகுகாலம் ஆகியும் இல்லாதிருந்து, இனி இல்லை என்று ஊரே முடிவு கட்டிய பிறகு. மதுக்கடையில் சீட்டு ஆடிக்கொண்டிருந்தபோது டூரி அதைப் பேச்சாக்கினான். டூரி எனக்கும் சிநேகிதன்தான், கெட்டவன் இல்லை. கொம்புள்ள ஆடு வளர்ப்பவன், லினார்ட் தன் ஆடுகளை மட்டமாகப் பேசிவிட்டான் என்ற கோபம் அவனுக்கு.

"லினார்ட் தொழுவத்துக்குள்ள பொண்ணு போனா ஆம்பளையா வெளிய வருதாமே," என்றான், சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "வீடும் தொழுவமும் ஒரே கூரைதானே. எதுக்கும் தொட்டிலுக்கு ரெண்டு நிறத்துலயும் துணி வாங்கி வெச்சுக்கச் சொல்லுங்க."

சிரித்தார்கள். நானும் கொஞ்சம் சிரித்திருப்பேன். மறுநாளே அது மட்லைனாவின் காதுக்குப் போய்விட்டது. அவள் அந்த ஆடுகளின் பாலைக் குடிப்பதை நிறுத்தினாள். பாலாடைக்கட்டியும் தொடவில்லை. கோடையில் நான் வேறு வேலையாக அந்தப் பக்கம் போனபோது வேலியோரம் நிறுத்தி வைத்துப் பேசினாள். ஸ்டைலா தன்னையே பார்க்கிறது என்றாள். ஆடு ஆளைப் பார்ப்பது புதிதா என்றேன்.

"என்னைப் பார்க்கல, டாக்டர். வயித்தைப் பார்க்குது."

மேட்டில் ஸ்டைலா நின்றிருந்தது. சுற்றிலும் மேயாத புல். அவள் வேலியோரமாகவே நடந்தாள், அதன் தலை அவளோடு நகர்ந்தது. அவள் நின்றாள், தலையும் நின்றது.

செப்டம்பரில் ஸ்டைலாவிடமிருந்து ரத்தம் எடுத்தேன். அதைத் தொழுவத்தில் பிடித்துக்கொள்ள லினார்டின் பலம் தேவைப்படவில்லை. அது கழுத்தை நீட்டிக்கொண்டு அசையாமல் நின்றது. குழாயைப் பஞ்சில் பொதிந்து தபால் பஸ்ஸில் நகரத்துக்கு அனுப்பினேன். அங்கே பல்கலைக்கழகத்தில் வெரேனா என்று ஒரு டாக்டர், என்னோடு படித்தவள், ரத்த அணுக்களை வளர்த்துக் குரோமோசோம் பார்க்கும் வேலையில் இருந்தாள். அறுபதுகளின் கடைசி அது. அந்த வேலையே அப்போது புதுசு. சில வாரம் கழித்து அவளே தொலைபேசியில் கூப்பிட்டாள். சொன்னதையே இரண்டு தடவை சொல்ல வைத்தேன். பிறகு தொப்பியை எடுத்துக்கொண்டு லினார்ட் வீட்டுக்கு நடந்தேன்.

மத்தியானச் சாப்பாட்டு நேரம். பார்லி சூப் ஊற்றி எனக்கும் ஒரு கிண்ணம் வைத்தாள் மட்லைனா. சுவருக்கு அந்தப் பக்கம் தொழுவம். ஒரு சத்தமும் இல்லை.

ஆணாக வேண்டுமென்றால் ஒய் குரோமோசோம் வேண்டும், ஆட்டுக்கும் சரி நமக்கும் சரி, அதுதான் நாங்கள் படித்தது என்று ஆரம்பித்தேன். ஸ்டைலாவின் ரத்தத்தில் ஒய் இல்லை. இரண்டும் எக்ஸ்தான். அதாவது பெட்டை, சந்தேகமே இல்லாத பெட்டை.

"அப்புறம் யாரு அதைக் கடாவா ஆக்கினது?" என்றாள் மட்லைனா.

நானும் வெரேனாவிடம் அதையேதான் கேட்டிருந்தேன். தொலைபேசிக் கம்பியில் காற்று இரைந்தது. யாரும் ஆக்கவில்லை என்றாள் அவள். அதைப் பெட்டையாக ஆக்க வேண்டியது எதுவோ, அது வரவில்லை. வர வேண்டியது வராவிட்டால் அந்த இடத்தில் விரைதான் வளரும்போல, ஒய் இருந்தாலும் இல்லாவிட்டாலும். அது என்ன, எங்கே இருக்கிறது என்று உலகத்தில் யாருக்கும் இப்போது தெரியாது. ஆனால் தாழ்நாட்டு மந்தைகளில் இதைப் பார்த்தவர்கள் உண்டு. இப்படிப் பிறப்பதெல்லாம் மோழைதான். தாயும் மோழை, தகப்பனும் மோழை.

இதைச் சொல்லும்போது நான் லினார்டின் முகத்தைப் பார்க்காமல் சூப்பைப் பார்த்தேன்.

"கொம்பில்லாமைய ஒரு பக்கம் மட்டும் வாங்கின பெட்டைக்கு ஒண்ணும் ஆகறதில்ல," என்றேன். "அப்பன் பக்கம், ஆத்தா பக்கம் ரெண்டுலயும் வாங்கினா அது பெட்டையா முடியறதில்ல. உன் தொழுவத்துல பால் குடுக்கற ஒவ்வொரு ஆட்டுக்குள்ளயும் ஒரு கொம்பு ஒளிஞ்சிருக்கு, லினார்ட். வெளிய தெரியாது. அது இருக்கறதாலதான் அது பெட்டை."

அவன் கரண்டியைக் கீழே வைத்தான். தொழுவத்துச் சுவரைப் பார்த்தான், சுவருக்குள்ளே என்னவோ அசைந்ததுபோல. அப்போ நான் என்னதான் வாங்கிட்டு வந்தேன் என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டான். கொம்புக் கடா ஒன்றை மந்தைக்குள் விட்டால் எல்லாம் சரியாகிவிடும், டூரியிடம் நல்ல கடா இருக்கிறது என்றேன். அவன் எழுந்து, கோட்டுகூடப் போடாமல், வெளியே போய்விட்டான்.

மட்லைனா கிண்ணங்களை எடுத்து வைத்தாள். பிறகு என் எதிரில் உட்கார்ந்து, தன் ஒற்றைக் கண்ணால் நேராகப் பார்த்து, நமக்கும் இப்படி ஆகுமா என்று கேட்டாள். ஆட்டின் கொம்பு ஆட்டோடு போயிற்று, பாலிலும் வராது, காற்றிலும் வராது என்றேன். அவள் கேட்டது அது இல்லை. வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று அவளுக்குத் தெரிய வேண்டும். சொன்னேன். முதல் ஆறு ஏழு வாரம் எந்தக் கருவைப் பார்த்தாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஆணுக்கான குழாயும் இருக்கும், பெண்ணுக்கானதும் இருக்கும். நடுவில் ஒரு சின்னச் சதைத் திரட்டு, எந்தப் பக்கமும் போகத் தயாராக. அதற்கப்புறம்தான் ஒன்று வளரும், ஒன்று கரையும்.

"அப்போ நானும் கொஞ்ச நாள் அப்படித்தான் இருந்தேனா?"

"எல்லாருமேதான். டூரி உட்பட."

அவள் சிரித்தாள். அந்த வருஷம் முழுக்க அவள் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். சிரிப்பு அடங்கியதும் கை வயிற்றுக்குப் போயிற்று. இதுக்கு அந்த வாரமெல்லாம் தாண்டியாச்சு இல்லையா என்றாள். தாண்டியாச்சு என்றேன்.

ரொம்பக் காலம் கழித்து, நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, ஸ்டைலாவுக்கு வராமல் போனது எதுவென்று கண்டுபிடித்துவிட்டார்கள் என்று படித்தேன். ஆட்டின் மரபணுச் சரத்தில் ஒரு துண்டு காணாமல் போயிருக்கிறது. அந்தத் துண்டு தானாக எதையும் செய்வதில்லை. தூரத்தில் இருக்கும் இன்னொன்றை எழுப்பிவிடுவது மட்டும்தான் அதன் வேலை. இது இல்லாததால் அது எழும்புவதில்லை. எழும்பாததால் சூலகம் சூலகமாவதில்லை. வெரேனா சொன்னது அநேகமாகச் சரி. யாரும் எதுவும் செய்யவில்லை. யாரோ வரவில்லை, அவ்வளவுதான். படித்துவிட்டு அன்று முழுக்க எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

அந்த வருஷம் அக்டோபரில் மூடுபனி இறங்கிய ஒரு பிற்பகல். மட்லைனா ஆள் அனுப்பியிருந்தாள். நான் போகும்போது அவள் வீட்டில் இல்லை. தொழுவத்துக்குப் பின்னால் லினார்ட் நின்றிருந்தான், கையில் துப்பாக்கி. ஸ்டைலாவைக் கம்பத்தில் கட்டியிருந்தான். இன்றைக்கு எல்லாவற்றையும் முடித்துவிடப் போவதாக என்னிடம் சொன்னான். முதலில் இது, பிறகு பரூன், பிறகு மிச்சம் எல்லாம். கொம்போடு ஒரு மிருகம் இந்த வீட்டு வாசலை மிதிப்பதைவிட ஆடே இல்லாமல் இருக்கலாம். அவன் குரல் நிதானமாகத்தான் இருந்தது. ஆனால் வெகுநேரமாகவே அப்படி நின்றிருக்கிறான் என்று பட்டது. தோளிலும் தொப்பியிலும் பனித்துளி கோத்திருந்தது.

ஏன் சுடவில்லை என்று பிறகுதான் எனக்குப் புரிந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் மந்தை முழுவதும் வந்து நின்றிருந்தது. மூடுபனியில் உடம்பு தெரியவில்லை, தலைகள் மட்டும் தெரிந்தன. வெள்ளையாக, உருண்டையாக, தோளோடு தோளாக. ஒன்றுகூடக் கத்தவில்லை, மெல்லவில்லை, காதைக்கூட ஆட்டவில்லை. எல்லாம் லினார்டைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஸ்டைலா மட்டும் அவனைப் பார்க்கவில்லை. அது பாதைப் பக்கம் பார்த்தது.

பாதையில் மட்லைனா வந்தாள். வயிறு நன்றாகத் தெரிந்த மாதம், மெதுவாக நடந்தாள். நேராகக் கம்பத்துக்குப் போய் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தாள். லினார்ட் அவளைத் தள்ளிப் போகச் சொன்னான். அவள் திரும்பவில்லை.

"கொம்பு குத்தினது என்னைத்தான் லினார்ட்," என்றாள். "உன்னை இல்ல. பயம் மட்டும் எப்படி உன்கிட்ட வந்துச்சு?"

"உனக்கு மறுபடி ஏதாவது ஆனா..."

"ஆகட்டும். ஆகாமப் போகட்டும். என் கண்ணை வெச்சு நீ இந்த மந்தையையே கெடுத்துட்டே. நான் கேட்டேனா உன்னை?"

கயிறு கீழே விழுந்தது. ஸ்டைலா ஓடவில்லை. ஓரடி முன்னால் வந்து, தாடி வைத்த அந்தப் பெரிய தலையை அவள் வயிற்றில் சாய்த்தது. அவளும் அசையாமல் நின்றாள். பிறகு எனக்குச் சொன்னாள், குழந்தை உள்ளே உதைத்ததாம், ஆட்டின் தலை இருந்த இடத்திலேயே, ஒன்றுக்கு இரண்டு தடவை. ஸ்டைலாவின் அந்தக் குழந்தைச் சிணுங்கல் ஒரு தரம் கேட்டது. வேலிக்கு அப்பால் தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பிப் பனிக்குள் மறைந்தன. லினார்ட் துப்பாக்கியிலிருந்து தோட்டாவை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, என் தோளைப் பிடித்துக்கொண்டு, வாய்விட்டு அழுதான்.

கடாவைக் கேட்க டூரி வீட்டுக்கு அவளேதான் போனாள். டூரி வாசலில் அவளைப் பார்த்ததும் காது சிவந்துபோய், கேட்டு முடிப்பதற்குள் தொப்பியை எடுத்துக்கொண்டானாம். கடாவைத் தானே ஓட்டி வந்தான். பழுப்பு நிறம், பின்னோக்கி வளைந்த பெரிய கொம்பு, கதவுச் சட்டத்தில் இடித்துக்கொண்டே உள்ளே நுழைந்தது. மட்லைனாதான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். லினார்ட் வீட்டுக்குள் இருந்தான்.

டூரியின் கடா எந்தக் கடாவைக் கண்டாலும் மோதும். ஸ்டைலாவைப் பார்த்ததும் தலையைத் தாழ்த்தியது. பாதியில் நின்றது. கிட்டே போய் முகர்ந்து, பெட்டையை முகர்ந்தால் செய்வதுபோல மேலுதட்டைச் சுருட்டியது. மறுபடி முகர்ந்தது. பிறகு பின்வாங்கி, மற்ற ஆடுகளோடு சேர்ந்து அந்தக் காலித் தரையின் ஓரத்தில் நின்றுகொண்டது.

கிறிஸ்துமஸ் பனியில் மட்லைனாவுக்குப் பெண் பிறந்தது. பார்க்க வந்த பெண்கள் எல்லோரும், டூரியின் மனைவி உட்பட, குழந்தையைக் கொஞ்சுகிற சாக்கில் துணியை ஒரு தரம் விலக்கிப் பார்த்தார்கள். மட்லைனா தடுக்கவில்லை. ஒவ்வொருத்தரிடமும் "பாத்தாச்சா?" என்று மட்டும் கேட்டாள்.

மார்ச்சில் தொழுவத்தில் பெட்டைக்குட்டிகள் விழுந்தன. கடாவுக்குச் சரிசமமாகப் பெட்டை. பாதிக் குட்டிகளின் நெற்றியில் சுழி இருந்தது, தடவினால் கீழே முளை தட்டுப்பட்டது. லினார்ட் சூட்டுக்கோலை அடுப்பில் வைத்தான். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அடுப்பை அணைத்தான். கொம்பு வளர வளர ஒவ்வொரு நுனிக்கும் மரத்தில் குமிழ் செதுக்கி மாட்டினான். ஊர் சிரித்தது. அவன் கடைசிவரை அதை விடவில்லை.

ஸ்டைலா இன்னும் சில வருஷம் இருந்தது. செத்த பிறகு உடம்பைத் தனக்கு அனுப்பச் சொல்லி வெரேனா கேட்டிருந்தாள், மட்லைனா சம்மதிக்கவில்லை. வேண்டுமானால் இங்கேயே பாருங்கள் என்றாள். அது ஒரு மே மாதக் காலை, வெயில் அடித்தது. முற்றத்தில் வைத்துத் திறந்தேன். வயிற்றுக்குள் சிறுநீரகத்துக்குக் கீழே இரண்டு விரைகள், ஒருநாளும் கீழே இறங்காதவை. அவற்றுக்கு நடுவில், மெல்லியதாக, வெளுத்து, ஒரு கருப்பை. ஆட்டின் கருப்பை இரண்டாகப் பிரிந்து வளைந்திருக்கும். எங்கள் படிப்பில் அந்த வளைவுகளுக்குப் பெயரே கொம்பு என்பதுதான். அதை நான் மட்லைனாவிடம் சொல்லவில்லை. காலியா என்று கேட்டாள். காலி என்றேன்.

உடம்பை மூடுவதற்காகப் புரட்டும்போது வயிற்று மயிருக்கடியில் என் கை எதிலோ பட்டது. விலக்கிப் பார்த்தேன். மடி. சின்னதுதான், ஆனால் நிறைந்திருந்தது. கை அழுந்தியதும் பால் வந்தது, கெட்டியாக, நல்ல பால். கடா மாதிரி இருந்ததால் இத்தனை வருஷத்தில் யாரும் அங்கே பார்த்ததே இல்லை.

யாராவது தினமும் குடித்தாலொழிய மடியில் அப்படிப் பால் ஊறாது. அந்த வசந்தத்தில் தாயில்லாத குட்டி ஒன்றுகூட மந்தையில் கிடையாது. அந்தக் காலித் தரைக்குள் ஏதோ ஒன்று தினமும் போய் வந்திருக்கிறது. லினார்டும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். தொழுவத்துக்குப் போய் விசாரிக்கிற மாதிரி அவன் ஒரு அடி எடுத்து வைத்தான்.

"விடு," என்றாள் மட்லைனா. "அது யாருன்னு நமக்குத் தெரிய வேண்டாம்."

துணியை நனைத்து அந்தப் பாலைத் துடைத்துவிட்டு, மண்வெட்டி எடுத்துவரச் சொன்னாள்.